பதினான்காவது சமன்பாடு

நுவாரா அந்தப் பிழையைக் கண்டுபிடித்தபோது பிற்பகல் மூன்று மணி. மறுநாள் காலை பத்து மணிக்கு லம்ரியின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. கான்ஸ்டன்டைன் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறவள் அவள். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் ‘கத்தரிக்கோல் மேடம்’ என்பார்கள். ஓர் ஆய்வேடு அவளிடம் மதிப்பீட்டுக்குப் போனால், எல்லாக் கணக்கையும் தன் கையால் மறுபடி போட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்து விழும். லம்ரியின் நூற்று எழுபது பக்கங்களையும் அப்படித்தான் போட்டுப் பார்த்து, ‘தேர்வுக்குத் தகுதியானது’ என்று மூன்று வாரத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டாள். நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு சமன்பாட்டை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை, ஏனென்றால் அது அவளுடையது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான் இது. ஊரார் கணக்கைத் துருவித் துருவிப் பார்ப்பார்கள். தாங்கள் போட்ட கணக்கு எதிரே வந்தால், பழைய சிநேகிதரைத் தெருவில் கண்டதுபோலத் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவளும் அவள் கணவன் தாஹரும் சேர்ந்து எழுதிய கட்டுரையின் பதினான்காவது சமன்பாடு அது. லம்ரி அதை அப்படியே எடுத்து, யாரிடமிருந்து எடுத்தார் என்பதையும் மரியாதையாகக் குறிப்பிட்டு, அதன் மேல் மூன்று அத்தியாயங்களைக் கட்டியிருந்தார். தேர்வில் கேட்க ஏதாவது ஒரு கேள்வி வேண்டுமே என்று சோம்பலாகத்தான் அன்று அதைப் போட்டுப் பார்த்தாள். விடை எதிர்க்குறியோடு வந்தது. மறுபடி போட்டாள். மூன்றாவது தடவையும் அதே குறி வந்தபோது எழுந்து போய்ச் சன்னலைத் திறந்துவிட்டு நின்றாள்.

கேள்வி என்னவோ சின்னதுதான். இடத்துக்கு மூன்று திசைகள் உண்டு: முன்பின், இடவலம், மேல்கீழ். காலத்துக்கு மட்டும் ஏன் ஒரே திசை? இரண்டு இருந்தால் என்ன கெட்டுப்போகும்? ஒரு காலத்தில் வாழ்கிறவன் ஒற்றையடிப் பாதையில் போகிறவன். நடந்ததைத் தாண்டி முன்னால் போகலாமே தவிர அதைச் சுற்றிக்கொண்டு போக வழியில்லை. இரண்டு காலம் இருந்தால் சந்து வழியாக வீட்டின் பின்புறம் போவதுபோல ஒரு நாளைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். கணக்கு அளவில் இதற்குத் தடையே இல்லை. ஆனால் விலை உண்டு. இரண்டு காலம் உள்ள உலகில் எடை குறைந்த துகள் தன்னைவிட எடை மிகுந்த துகள்களாக உடையலாம். ஒரு செங்கல் உடைந்து இரண்டு வீடாவது மாதிரி. அப்படிப்பட்ட உலகில் எதுவும் எதுவாகவும் நிலைத்து நிற்காது. அதனால்தான் பெரும்பாலோர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. தாஹரும் நுவாராவும் ஒரு நிபந்தனையைக் கண்டுபிடித்தார்கள். அந்த நிபந்தனையின் கீழ் துகள் உடையாது, இரண்டாவது காலமும் இருந்துவிட்டுப் போகலாம். அந்த நிபந்தனைதான் பதினான்காவது சமன்பாடு. இப்போது குறியைச் சரியாகப் போட்டால் அது எதையும் தடுக்கவில்லை. எல்லாம் உடைந்தது.

அவள் தாள்களை அள்ளிக்கொண்டு மாடி ஏறி ஹஃபீதின் அறைக்குப் போனாள். ஹஃபீத் அவளோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் படித்தவர், லம்ரியின் வழிகாட்டி. நாளைக்குப் போட வேண்டிய கழுத்துப்பட்டியைக் கண்ணாடி அலமாரியில் பார்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஹஃபீத், பதினாலாவது சமன்பாடு தப்பு.”

“எந்தப் பதினாலு?”

“எங்களோடது.”

அவர் தாள்களை வாங்கி, நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். கழுத்துப்பட்டி பாதி முடிச்சோடு தொங்கியது.

“சரி, தப்புதான். நாளன்னிக்குப் பேசுவோம்.”

“தேர்வு நாளைக்கு.”

“அதனாலதான் நாளன்னிக்குங்கிறேன்.”

“விளையாடாதே.”

“யாரு விளையாடுறது? நீ மூணு வாரம் முன்னாடியே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டே. லம்ரியோட பதிவு இந்த மாசத்தோட முடியுது. தள்ளிப்போட்டா அவ்வளவுதான், மறுபடி கிடையாது. ஒன்பது வருஷம் நுவாரா. பள்ளிக்கூடத்துல ஆறு பீரியட் தொண்டை கிழியக் கத்திட்டு, மீலாலேருந்து பஸ் பிடிச்சு வந்து போயிருக்கான். அவன் பொண்டாட்டி பத்து நாளா பலகாரம் சுட்டுக்கிட்டிருக்கா. ஒரு மைனஸைக் கையில வெச்சுக்கிட்டு அந்தக் குடும்பத்தையே அழ வைக்கப்போறியா?”

“எனக்குத் தெரியாதா இதெல்லாம்?”

“தெரிஞ்சுக்கிட்டே பேசுறியே, அதுதான் கோவம். உங்க கட்டுரையை இந்த உலகத்துல மொத்தம் பதினோரு பேர் படிச்சிருப்பான். அதுல ரெண்டு பேர் நீயும் நானும்.”

“லம்ரியைச் சேர்த்தாப் பன்னெண்டு.”

ஹஃபீத் சிரிக்கவில்லை. குரலைத் தணித்தார். “தாஹர் பேரையாவது யோசிச்சியா? அவன் விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்.”

நுவாரா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “தப்பு தாஹரோடது இல்லே. என்னோடது.”

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கும் இதுவரை எதுவும் இருக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அவளுக்கே தெரியும்.

தாஹர் மேற்படிப்பை மாஸ்கோவில் படித்தவன், அவள் மார்செய்யில் படித்தவள். கணக்கில் காலத்துக்குக் கூட்டல் குறியும் இடத்துக்குக் கழித்தல் குறியும் போடுவது அவன் பழக்கம். அவளுக்கு நேர் எதிர். இரண்டுமே சரிதான், தொடங்கியதை முடிவுவரை மாற்றாமல் கொண்டுபோனால். வேறு தம்பதிகள் சமையலில் உப்புக்காகச் சண்டை போடுவார்கள். இவர்கள் பத்து வருடம் குறிக்காகச் சண்டை போட்டார்கள். ‘நீ உலகத்தையே தலைகீழா எழுதுறே’ என்பான் அவன். ‘உன் உலகம் நேரா இருந்தாத்தானே’ என்பாள் இவள். கட்டுரையின் முதல் பாதி அவன் எழுதியது, அவன் குறியில். மறுபாதி அவளுடையது, அவள் குறியில். அவனைக் கணையப் புற்றுநோயோடு மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் இரண்டையும் ஒன்றாக இணைக்க வேண்டி வந்தது. ‘நீயே சேர்த்து எழுதிடு. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை எனக்கு வாசிச்சுக் காட்டு’ என்றான். ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அவன் குறிகளைத் தன் குறிகளாக மாற்றினாள். எல்லாவற்றையும் மாற்றினாள், இணைப்பு விழுந்த இடத்தில் ஒன்றை விட்டுவிட்டு.

சனிக்கிழமை காலை தாள்களோடு மருத்துவமனைக்குப் போனாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று நாளாகத் தூங்காதவன். எழுப்ப மனம் வரவில்லை. அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு அப்படியே போய் அனுப்பிவிட்டாள். திங்கட்கிழமை அவன் கேட்டான்.

“அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன்.”

“வாசிச்சுக் காட்டலியே.”

“நீ தூங்கிட்டிருந்தே.”

அவன் சரி என்று தலையசைத்தான். வியாழக்கிழமை போய்விட்டான். கட்டுரையை ஏற்றுக்கொண்ட கடிதம் நாற்பதாம் நாள் வந்தது.

“எழுப்பியிருந்தா கண்டுபிடிச்சிருப்பான்,” என்றாள் நுவாரா. “அவன் குறியை நான் தொட்டாலே சண்டைக்கு வருவான். முதல் வரியிலேயே பிடிச்சிருப்பான்.”

ஹஃபீத் எழுந்து வந்து தாள்களை அவள் கையில் திருப்பி வைத்தார். “நீ என்ன செஞ்சாலும் நான் குறுக்கே நிக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. லம்ரியைக் காப்பாத்திட்டு உன்னைத் தண்டிச்சுக்கோ. உன்னைத் தண்டிச்சுக்கறேன்னு அவனைக் கொன்னுடாதே.”

வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. லம்ரியின் ஆய்வேட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, எது விழும் எது நிற்கும் என்று பார்த்தாள். இரண்டு, மூன்று, நான்காம் அத்தியாயங்கள் விழுந்தன. ஐந்தாம் அத்தியாயம் மட்டும் பதினான்காவது சமன்பாட்டைத் தொடவே இல்லை. பதினெட்டே பக்கம். லம்ரி அதைப் பின்னிணைப்பு மாதிரிச் சேர்த்திருந்தார். அதில் அவர் செய்திருந்தது வேறு வேலை. இரண்டாவது காலத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு, எந்தத் துகளும் அதன் வழியே நகர முடியாதபடி ஒரு சமச்சீர் விதியால் கட்டிப்போட்டிருந்தார். கட்டிப்போட்டதும் உடைதல் நின்றது. கணக்கில் இரண்டு காலம், வாழ்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. அவள் அதை மறுபடி கையால் போட்டுப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. தான் மூன்று வாரத்துக்கு முன்னால் அதைப் படித்துவிட்டு ‘பரவாயில்லை’ என்று ஓரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அது மட்டுமல்ல. அந்த அத்தியாயம் அவளுக்குப் பிடிக்காமல் போனது ஏன் என்றும் இப்போது தெரிந்தது. சுற்றிக்கொண்டு போகும் வழியை அது அடைத்துவிடுகிறது. யாராவது கேட்டால் சிரித்து மறுத்திருப்பாள். அறிவுள்ள யாரும் நம்ப மாட்டார்கள், அவளும் நம்பவில்லை. ஆனால் பதினெட்டு வருடமாக அந்தக் கட்டுரை அச்சில் இருந்தவரை அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு பக்கவாட்டு வழி இல்லை என்று யாரும் நிரூபித்திருக்கவில்லை. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

காலையில் துறை வாசலே கல்யாண வீடாக இருந்தது. மீலாவிலிருந்து ஒரு சிற்றுந்து நிறைய ஆட்கள். பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட மக்ரூத் தட்டுகள், தேனில் கிண்டிய ஜவ்ஸியா பெட்டிகள், காப்பிக் குடுவைகள், பூக்கூடை. கூடத்தின் பின்சுவரை ஒட்டிய மேசையில் வெள்ளைத் துணி விரித்து எல்லாவற்றையும் மூடி வைத்துக்கொண்டிருந்தார்கள். தீர்ப்புச் சொல்லும்வரை யாரும் திறக்கக் கூடாது. லம்ரியின் அப்பா, வெள்ளைக் கம்பளி அங்கி போட்ட எண்பது வயதுக்காரர், நுவாராவைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்து வணங்கினார்.

“நீங்கதானே மேடம் நுவாரா? உங்களாலதான் இந்தப் புஸ்தகமேன்னு எங்க பையன் சொல்லிக்கிட்டே இருப்பான். கடவுள் உங்க வீட்டுக்காரருக்கு நல்ல கதி குடுக்கட்டும்.”

அவள் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தாள். லம்ரி புதுக் கோட்டில் வேர்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயது, முன்தலை வழுக்கை, சட்டைப் பையில் மூன்று பேனா. அவரை நடைபாதையில் தனியாக நிறுத்தினாள்.

“அஞ்சாவது அத்தியாயம் மனசுல இருக்கா?”

“அது சும்மா சேர்த்தது மேடம். வேணாம்னா எடுத்துடறேன்.”

“எடுக்காதீங்க. உள்ளே போறதுக்கு முன்னாடி ஒரு தடவை புரட்டிப் பாத்துக்கோங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் யாரோ அவரைப் படம் எடுக்க இழுத்துப்போய்விட்டார்கள்.

நாற்பது நிமிடம் லம்ரி பேசினார். நன்றாகவே பேசினார். பதினான்காவது சமன்பாடு திரையில் வந்தபோது, “இது நம்ம பேராசிரியர் நுவாராவும் மறைந்த பேராசிரியர் தாஹரும் நமக்குக் குடுத்தது” என்றார். பின்வரிசையில் சிலர் கைதட்டக்கூடச் செய்தார்கள். தேர்வுக் குழுத் தலைவர், வெளியூரிலிருந்து வந்தவர், முதல் கேள்விக்கு நுவாராவை அழைத்தார். நல்ல ஆய்வேடு என்று இரண்டு வார்த்தை, எழுத்துப்பிழை இரண்டு, பிறகு ஒரு வாழ்த்து. அதுதான் வழக்கம். சாதகமான அறிக்கை கொடுத்துவிட்ட ஒருவர் கூடத்தில் குடும்பத்தை வைத்துக்கொண்டு கத்தி எடுப்பதில்லை. ஹஃபீத் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நுவாரா எழுந்து நின்றாள். யாரும் நிற்பதில்லை. அவளுக்கு உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது போலிருந்தது.

“நாற்பத்தோராம் பக்கம். இந்தச் சமன்பாட்டுல குறி தப்பு. எங்க கட்டுரையிலேயே தப்பு. முதல் பாதி என் கணவர் எழுதினது, அது சரி. ரெண்டாவது பாதி நான் எழுதினது, அதுவும் சரி. சேர்த்தது நான். சேர்த்த இடத்துல ஒரு குறியை மாத்தாம விட்டுட்டேன். அவருக்கு வாசிச்சுக் காட்டாம அனுப்பிட்டேன். மூணு வாரம் முன்னாடி இந்த ஆய்வேட்டைப் படிச்சப்பவும் என் கணக்குங்கிற நெனப்புல பாக்காம விட்டேன். ரெண்டு தப்பும் என்னோடது. லம்ரி, பலகைக்குப் போங்க. குறியைத் திருத்துங்க. உங்க ஆய்வேட்டுல என்ன மிஞ்சுதுன்னு எங்களுக்குச் சொல்லுங்க.”

 பின்வரிசைக்கு வார்த்தை புரியவில்லை. ஏதோ கெட்டது நடக்கிறது என்பது மட்டும் புரிந்தது. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்த லம்ரியின் மனைவி கையைத் தாழ்த்தினாள்.

லம்ரி பலகைக்குப் போய்ச் சமன்பாட்டை எழுதினார். குறியை மாற்றினார். மெதுவாக, பள்ளிக்கூட வாத்தியார் கையெழுத்தில், ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஏழாவது வரியில் நின்றுவிட்டார்.

“எடை குறைஞ்சது உடையுது மேடம்.”

“உடையட்டும்.”

“எதுவுமே நிக்காது.”

“ஆமா. மேல சொல்லுங்க.”

அவர் பலகைக்கு முகத்தைக் காட்டியபடியே நின்றார். ஒரு நிமிடம் போயிருக்கும், இரண்டாகவும் இருக்கலாம். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.  நீயே சொல்லிவிடு என்பதுபோல ஹஃபீத் அவளைப் பார்த்தார். சொல்லிவிடலாம். சொன்னால் பட்டம் அவளுடையதாகிவிடும், லம்ரியுடையது ஆகாது. உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

லம்ரி திரும்பினார். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் தெளிவாக வந்தது.

“ரெண்டாவது காலத்துல யாரையும் நடக்க விட்டா எல்லாம் உடையுது. அப்போ நடக்க விடக் கூடாது. அதை நான் அஞ்சாவது அத்தியாயத்துல பண்ணியிருக்கேன். அங்க இந்தச் சமன்பாடு எனக்குத் தேவைப்படலை.” பலகையைத் துடைத்தார். “ஆரம்பத்துலேருந்து போட்டுக் காட்டட்டுமா?”

“போடுங்க,” என்றாள் நுவாரா. அப்போதுதான் உட்கார்ந்தாள்.

இருபது நிமிடம் ஆனது. இரண்டு இடத்தில் தலைவர் குறுக்கே புகுந்து கேட்டார், லம்ரி பதில் சொன்னார். மூன்றாவது இடத்தில் தலைவர் கேட்க வந்ததை அவரே விட்டுவிட்டார். பிறகு குழு அடுத்த அறைக்குப் போனது. அங்கே கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் பேசினார்கள். மூன்று அத்தியாயம் போன ஆய்வேட்டுக்கு எப்படிப் பட்டம் கொடுப்பது என்றார் ஒருவர். மற்றவர்கள் நூற்று இருபது பக்கத்தில் எழுதாததைப் பதினெட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கிறாரே என்றார் ஹஃபீத். ‘முதல் தகுதி’ என்ற சிறப்புக் குறிப்பு கிடையாது, ஆய்வேட்டைத் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டும், பட்டம் உண்டு என்று முடிவானது. தலைவர் நுவாரா பக்கம் திரும்பினார்.

“உங்க கட்டுரை?”

“இன்னிக்கே பத்திரிகைக்கு எழுதிடறேன். யார் சேர்த்தாங்கன்னும் எழுதிடறேன்.”

தீர்ப்பை வாசித்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். நிபந்தனை, திருத்தம், முதல் தகுதி இல்லை என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் காணாமல் போயின. வெள்ளைத் துணியை உருவினார்கள். லம்ரி தன் மனைவியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நுவாராவிடம் வந்தார். 

“உங்களைக் கஷ்டப்படுத்திட்டேன்,” என்றாள் அவள்.

“நீங்க கேக்கலேன்னா பின்னாடி எவனாவது கேட்டிருப்பான் மேடம். நான் அன்னிக்கு மீலாவுல உக்காந்துக்கிட்டு அதை ஏதாவது பத்திரிகையில படிச்சிருப்பேன்.”

அவரை மறுபடி இழுத்துப்போனார்கள். லம்ரியின் அப்பா ஒரு தட்டு நிறையப் பலகாரத்தோடு அவள் எதிரில் வந்து நின்றார்.

“சாப்பிடு மகளே. எனக்கு ஒண்ணும் விளங்கலே, கோவிச்சுக்காதே. ஒன்பது வருஷமா இவன் காலம் ரெண்டா ஒண்ணான்னு பாத்துக்கிட்டிருந்தான். இன்னிக்கு என்னதான் முடிவாச்சு?”

“ஒண்ணுதான், ஐயா.”

“ஒண்ணுதானா?” கிழவர் யோசித்தார். “அப்போ போன நாள் போனதுதான். சுத்தி வர வழியில்லே.”

“இல்லே.”

அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்ல அவளுக்குப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. சொன்னதும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மாணவர்கள் இருந்தார்கள், குழுவினர் இருந்தார்கள், ஹஃபீத் கையில் காப்பியோடு பார்த்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் மேடம் அவர்கள் எல்லோர் முன்னாலும் முகத்தை மூடாமல் அழுதாள். கிழவர் தட்டைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றார். சற்றுத் தள்ளி நின்ற மீலாப் பெண்கள் அவளைப் பார்த்தார்கள். தங்கள் பையனுக்காக அந்தப் பெரிய பேராசிரியை ஆனந்தக் கண்ணீர் விடுகிறாள் என்று நினைத்து, அவளுக்காகவும் ஒருமுறை குலவையிட்டார்கள்.